பெட்டரி ஏன் இறங்கியது என்று நீ கேட்டதற்கு

மகன்,

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ எடுக்கும் அழைப்புக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் பிள்ளையைக் காட்டச் சொல்வாய். பிறகு உன் மனைவியோடு பேசுவாய். அதன் பிறகு என்னிடம் மழையா வெயிலா, முழங்கால் வலி எப்படி என்று கேட்பாய். போனை வைக்கப் போகும் நேரத்தில், "பெட்டரி எப்படிம்மா இருக்கு?" என்பாய். காரின் பெட்டரி வரைக்கும் நலம் விசாரிக்கிற நீ, அதே வீட்டில் இருக்கிற அப்பாவை மட்டும் விசாரிப்பதில்லை. அவரும் உன் குரல் கேட்டதும் ஏதோ வேலை ஞாபகம் வந்தவர் மாதிரி எழுந்து வீட்டுக்குப் பின்பக்கம் போய்விடுவார். பின்பக்கத்தில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. உன் மகள் பிறந்த நாளிலிருந்து இப்படித்தான் நடக்கிறது. இப்போது அவளுக்குக் கழுத்து நின்றுவிட்டது, ஆளைப் பார்த்துச் சிரிக்கிறாள். நீங்கள் இரண்டு பேரும் இன்னும் பேசவில்லை.

போன ஞாயிறு நீ புதிதாக ஒன்று சொன்னாய். கனடாவில் பனி கரைந்ததும் லீவு கிடைக்கும், வருகிறேன், ஆனால் நான் வருவதற்குள் காரை விற்றுவிடுங்கள் என்றாய். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத வீட்டில் கார் எதற்கு என்றும் கேட்டாய். அன்றைக்கு அப்பா பின்பக்கம் போகவில்லை. கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தை நான் பார்த்தேன், அதனால்தான் இதை எழுதுகிறேன். பேசிப் புரியவைக்கலாம் என்றால் நீ நடுவில், "விடுங்கம்மா" என்பாய். கடிதத்தில் அந்த வசதி உனக்கு இல்லை.

இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் வேறு. நம் தேயிலைத் தோட்டத்து டிவிசனிலேயே பார், வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகளின் வேனும் காரும் தொழிலாளர் லயங்களின் ஓரத்தில் தறப்பாள் போர்வைக்குள் கிடக்கின்றன. பக்கத்தில் ஒரு தகப்பனோ தாயோ சாவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கிறார்கள். நான் கற்றுக்கொண்டது அவர்களுக்கும் உதவட்டும். அப்பாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதிக்க. பேரு மட்டும் போடாத" என்றார். அவர் ஒன்றுக்குச் சரி என்று சொல்லும் விதம் அவ்வளவுதான். அதனால் இதில் யாருக்கும் பெயர் கிடையாது.

ஓய்வு பெறும் வரைக்கும் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். ஈயத் தகடு, அமிலம், நேர் முனை, மறை முனை என்று கரும்பலகையில் அழகாகப் படம் கீறி, நிறம் தீட்டி விளக்கியிருக்கிறேன். ஆனால் ஒரு காரின் பொனட்டைத் திறந்து பெட்டரி எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. பரீட்சைக்கு அது தேவைப்படவில்லை. பெட்டரி பற்றி எனக்கு இன்று தெரிந்ததெல்லாம் போன மார்கழிக்குப் பிறகு வந்தது.

அந்தக் காரை எதற்காக விற்காமல் விட்டுப் போனாய் என்று நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. நீ பிறந்த அன்று எனக்கு வலி கண்டபோது தோட்டத்தில் வேறு வாகனம் இல்லை. மலையில் கொழுந்து நிறுத்து முடிந்து லொறி கிளம்பிக்கொண்டிருந்தது. அப்பா அப்போது கணக்கப்பிள்ளை. காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டில் அவருக்கு முன்னால் ஆட்கள் மூச்சுக் காட்டாமல் நிற்பார்கள். அப்படிப்பட்ட மனிதர் லொறிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாராம். என்னைக் கொழுந்துச் சாக்குகளின் மேல் படுக்க வைத்து டிக்கோயா ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு போனார்கள். வார்டில் ஒரு நர்ஸ் என் தலைமுடியிலிருந்து கொழுந்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தது இன்னும் நினைவிருக்கிறது. "எம்மகன் பச்சக் கொழுந்து வாசத்தோட பொறந்தவன்" என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். சின்ன வயதில் நீயும் சேர்ந்து சிரிப்பாய். வளர்ந்த பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டாய். அதை அவர் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன்.

பிறகு நீ அந்த வெள்ளைக் காரை வாங்கினாய். நானுஓயா ஸ்டேசனில் இறங்கும் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு பட்டிப்பொல, நுவரெலியா என்று ஓடினாய். உன் மனைவி உண்டானதும், "எம் புள்ள லொறியில போகாது" என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னாய். கனடா வேலை வந்தது அதற்குப் பிறகுதான். அது காத்திருக்காது, நீ போகத்தான் வேண்டியிருந்தது. புறப்பட்ட அன்று கார்ச் சாவியை அப்பாவின் கையில் வைத்து, நேரம் வரும்போது அவளை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும் என்றாய். அப்பாவுக்கு லைசன்ஸ் இருக்கிறது. அவர் ஓட்டினால் றோட்டில் போகிற மாடு முந்திக்கொண்டு போகும், அது வேறு விஷயம். ஆனால் டிக்கோயா வரைக்கும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். அந்தச் சாவியை அவர் சட்டைப் பையில் வைக்கவில்லை, சாமித் தட்டில் வைத்தார்.

இனி விளக்கு. காரின் முன்பக்கத்தில் முருகன் படமும் அதற்குக் கீழே இரண்டு சின்னச் சிவப்பு பல்பும் இருப்பது உனக்குத் தெரியும். கார் வாங்கிய வாரத்திலேயே அப்பா ஹட்டனுக்குக் கொண்டுபோய்ப் பொருத்திய விளக்கு அது. சாவியை எடுத்த பிறகும் எரிய வேண்டும் என்று சொல்லி வயரை நேராகப் பெட்டரியிலேயே கொடுக்க வைத்தார். "முருகனுக்கு மட்டும் டிரெக்ட் லைனா?" என்று நீ அவரைக் கிண்டல் செய்தாய். தினமும் ஓடுகிற காருக்கு அந்த விளக்கு ஒன்றுமில்லை. இரவில் குடித்ததைக் காலையில் ஓட்டம் திருப்பிக் கொடுத்துவிடும். நிற்கிற காருக்கு அப்படி இல்லை. அது உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. விஞ்ஞான டீச்சருக்கே தோன்றாதபோது மற்றவர்களை என்ன சொல்ல.

நீ போன பிறகு அப்பா காரைக் கவனித்த அழகைச் சொல்கிறேன். விடிந்ததும் தறப்பாளை விலக்கி உள்ளே ஏறுவார். ஸ்டார்ட் செய்வார். நான் கொடுக்கும் பிளேன்டீயைக் குடித்து முடிக்கும் வரைக்கும் என்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். டீ முடிந்ததும் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி தறப்பாளைப் போர்த்திக் கயிறு கட்டுவார். இதைவிட ஒரு மனிதன் என்ன செய்ய முடியும் என்று நானும் நினைத்தேன். ஆனால் அதுதான் பெட்டரிக்கு ஆகாத காரியம். ஒருமுறை ஸ்டார்ட் செய்யப் பெட்டரி நிறையக் கொடுக்கிறது, குளிரில் இன்னும் அதிகமாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நின்ற இடத்தில் டீ குடிக்கிற நேரம் என்ஜின் ஓடினால் அது திரும்பி வராது. ஒன்று, அரை மணி நேரமாவது றோட்டில் ஓட்டி வர வேண்டும். இல்லையென்றால் ஸ்டார்ட் செய்யாமலே விட வேண்டும்.

ஐப்பசி அடைமழையில் பெட்டரி முதல் தடவை இறங்கியது. ஹட்டனில் பெட்டரிக் கடை வைத்திருக்கிற நானாவிடம் கொடுத்து சார்ஜ் ஏற்றி வந்தோம். ஓட்டாமல் வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று அவர் சொன்னார். அதை உனக்குச் சொன்னபோது நீ வீடியோவில் வந்தாய். அதற்குள் நீ குளிர்காலத்துக்குக் கார்களைப் பூட்டி வைக்கிற அந்தப் பெரிய கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாய். ஊரார் கார்களின் பெட்டரியைப் பார்ப்பதுதான் உன் தொழில் என்றாகியிருந்தது. மைனஸ் வயரைக் கழற்றி வைத்துவிடுங்கள், வாரம் ஒருமுறை மட்டும் மாட்டி ஹட்டன் வரைக்கும் ஓட்டிவிட்டு வந்து மறுபடி கழற்றுங்கள் என்றாய். அப்பா உனக்கு முன்னாலேயே ஸ்பேனரை எடுத்து வயரைக் கழற்றினார். முருகன் விளக்கு அணைந்தது. இனிமேல் கவலையில்லை என்று நீ சிரித்தாய். நானும் போனை அணைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். மழை விடாததால் ஹட்டன் ஓட்டம் நடக்கவில்லை, காலையில் ஸ்டார்ட் செய்யும் சத்தம் மட்டும் கேட்டது, வயரை மாட்டிக் கழற்றித்தான் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்கழியில் ஒரு காலை. எதிர்மலை தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். நாள் இன்னும் இருக்கிறது என்று எல்லோரும் நினைத்திருக்க, உன் மனைவிக்குத் தண்ணீர்க்குடம் உடைந்தது. அப்பா சாமித் தட்டிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். தறப்பாளை இழுத்துப் போட்டு உள்ளே ஏறித் திருப்பினார். 'டிக்' என்று ஒரு சத்தம். மறுபடியும் அதே 'டிக்'. அதோடு சரி.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் யாரோ படம் பிடித்து உனக்கு அனுப்பியிருக்கிறார்கள். படத்தில் என்ன தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் முழுவதையும் நீ கேட்க வேண்டும். நம் ஆட்களுக்கு வாகனம் என்றால் இறக்கத்தைப் பார்த்து நிறுத்துவதுதான் பழக்கம். ஸ்டார்ட் ஆகாவிட்டால் உருட்டிவிட்டு கியரைப் போட்டால் பிடித்துக்கொள்ளும். தோட்டத்து டிரக்டரும் லொறியும் அப்படித்தான் எழும்பின. அப்பா உன் காரையும் இறக்கத்தைப் பார்த்துத்தான் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்திருந்தார். லயத்து ஆட்கள் எல்லோரும் ஓடிவந்து கல்லை எடுத்துவிட்டுத் தள்ளினார்கள். நானும் உன் மனைவியும் பின் சீட்டில் இருக்க, கார் நன்றாக உருண்டது. அது ஒட்டோ கியர் கார் என்பதும், அதை எவ்வளவு தூரம் உருட்டினாலும் என்ஜின் பிடிக்காது என்பதும் கோயில் வளைவுக்கு வந்த பிறகுதான் யாருக்கோ உறைத்தது. அந்த வளைவில் கார் நின்றுவிட்டது. கீழேயிருந்து கொழுந்து லொறி வந்துகொண்டிருந்தது. லொறிக்கும் வழி இல்லை. வந்தவர்களே காரை மண்மேட்டோடு ஒதுக்கினார்கள். அப்பா இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

லொறி டிரைவர் சிங்களவர். உன் மனைவியைப் பார்த்ததும் முன்கதவைத் திறந்து, அங்கேயே வண்டியைத் திருப்பினார். அவள் முன் சீட்டில் உட்கார்ந்துதான் போனாள், சாக்கின் மேல் இல்லை. உனக்கு ஆறுதலாக இருக்குமென்றால் இதைத் தெரிந்துகொள். நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். வலி விட்டு விட்டு வந்த நேரத்தில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னாள். "மாமி, அவருக்கிட்ட லொறின்னு மட்டும் சொல்லிறாதீங்க." அப்பா பின்னால் சாக்குகளுக்கு நடுவில் நின்றுகொண்டு வந்தார்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தாள். தாயும் நன்றாக இருந்தாள். நாங்கள் உனக்குச் சொல்வதற்குள், அவள் லொறியில் ஏறும் அந்தப் படம் வந்து சேர்ந்திருந்தது. நீ அப்பாவின் போனுக்கு எடுத்தாய். அவர் போனைக் காதில் வைத்துப் பேசத் தெரியாதவர், முகத்துக்கு முன்னால் பிடித்துத்தான் பேசுவார் என்பது உனக்குத் தெரியும். அதனால் நீ சொன்னதை வார்டு வாசலில் நின்ற எல்லோரும் கேட்டோம். "ஒரு பெட்டரியப் பாத்துக்க முடியல உங்களால. இனிமே அந்தக் காரத் தொடாதீங்கப்பா. வயசான காலத்துல சும்மா ஒரு பக்கமா இருங்க." அப்பா, "சரி மகன்" என்றார். போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் குழாயடிக்குப் போய், கொழுந்துக் கறை பட்ட கையைக் கழுவிக்கொண்டேயிருந்தார். எனக்கு உன்மேல் கோபம் வந்தது. நீ கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது என்றும் பட்டது. இரண்டையும் வைத்துக்கொண்டு உன் மனைவியைப் பார்க்க வார்டுக்குள் போனேன்.

தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்த பிறகு நானாவை வரச்சொன்னேன். பெட்டரியைக் கழற்றிக் கொண்டுபோய், மெதுவாக சார்ஜ் ஏற்றி, திரும்பக் கொண்டுவந்து பொருத்தினார். இன்னும் உயிர் இருக்கிறது, ஆனால் இன்னொரு தடவை இப்படி முழுதாக இறங்கவிட்டால் தகடு கெட்டுப்போகும் என்று எச்சரித்தார். கடைசி வயரைத் தொட்டதும் கண்ணாடிக்குள் இரண்டு சிவப்பு விளக்கும் எரிந்தன. நானா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுதான் டீச்சர் தின்னுருக்கு" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஐப்பசியில் உனக்கு முன்னால் கழற்றிய மைனஸ் வயரை மார்கழியில் யாரும் மாட்ட வேண்டியிருக்கவில்லை. அன்று காலை அப்பா பொனட்டைத் திறக்கவேயில்லை, நேராக ஏறிச் சாவியைத்தான் திருப்பினார். அப்படியென்றால் வயர் முன்பே மாட்டியிருந்திருக்கிறது. தறப்பாளுக்குள் இருந்ததால் விளக்கு எரிந்தது யார் கண்ணுக்கும் படவில்லை.

நானா போன பிறகு அப்பாவிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. நீ வீடியோவை வைத்த அன்று சாயங்காலமே போய் வயரை மாட்டிவிட்டாராம். தினமும் ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும் என்று நினைத்தாராம். ஏன் என்று நான் கேட்டேன். "புள்ள கடல் கடந்து போயிருக்கான். அவன் வெளக்க நம்ம கையால அணைக்கச் சொல்றியா?" என்றார். என்னிடம் அதற்கு விஞ்ஞானப் பதில் நிறைய இருந்தது. ஆனால் அவருக்கு அது எதற்கு உதவும். சாமி கும்பிட்டு எழுந்திருக்கும்போதுகூட விளக்கை ஊதி அணைக்காத வீட்டில் வளர்ந்தவர் அவர். காரில் எரிந்தது அவருக்கு பல்பு இல்லை, உனக்காக ஏற்றி வைத்த விளக்கு. ஸ்பேனரால் அதை அணைத்தபோது நீ சிரித்தாய், அவருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அது எனக்கு இப்போதுதான் தெரியும்.

அதை வார்டு வாசலிலேயே உன்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். நீ இதைக் கட்டாயம் படிக்க வேண்டும், அதனால் அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "சொன்னா அவனுக்கு சாமிமேல கோவம் வரும். அது எம்மேலயே இருக்கட்டும்."

மகன், இதை நான் உன்னை அழவைக்க எழுதவில்லை. அவர் செய்தது தப்பு. விளக்கு நம்பிக்கையாக இருக்கலாம், பெட்டரிக்கு அது வெறும் சுமை. அந்தத் தப்பால் உன் மனைவி லொறியில் போனாள். வழியில் ஏதாவது ஆகியிருந்தால் இந்தக் கடிதத்தை இப்படி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் நீ அவரைத் திட்டியது கவனமில்லாதவர் என்று. அதுதான் சரியில்லை. அவ்வளவு கவனமாக ஒரு காரைப் பார்த்த ஆளை நான் கண்டதில்லை.

இனி இப்போது என்ன செய்கிறோம் என்பதைச் சொல்கிறேன், தறப்பாளுக்குள் கார் வைத்திருக்கிற மற்றவர்களும் கேட்டுக்கொள்ளட்டும். வழி கண்டுபிடித்தது உன் மனைவி. விளக்கையும் பெட்டரியையும் பிரித்துவிட்டால் என்ன மாமி என்றாள். விளக்கிலிருந்து பெட்டரிக்குப் போன வயரை நானா வெட்டிவிட்டார். டோர்ச் பெட்டரியில் எரிகிற சின்ன விளக்கு ஒன்றை பஜாரில் வாங்கி முருகனுக்கு முன்னால் வைத்தோம். அப்பா அதைத் தூரத்தில் நின்று நெடுநேரம் பார்த்தார். வெளிச்சம் கொஞ்சம் குறைவு என்றார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போது மைனஸ் வயரைக் கழற்றினாலும் அந்த விளக்கு எரிகிறது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பெரிய சுற்று.

வயரைக் கழற்றும்போது மைனஸைத்தான் முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் காரின் உடம்பில் பட்டுப் பொறி பறக்கும். முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் அப்பச் சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் துடைத்து, காய்ந்ததும் கொஞ்சம் கிரீஸ் தடவ வேண்டும். மூடி திறக்கிற பெட்டரி என்றால் உள்ளே தகடு மூழ்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் கடையில் விற்கிற பெட்டரித் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீர் எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும் கூடாது. அளக்கிற கருவி ஒன்றை நானா தந்திருக்கிறார். ஓட்டாமல் வைத்த பெட்டரியில் அது பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிம்மதி, அதற்குக் கீழே இறங்கத் தொடங்கினால் சார்ஜ் ஏற்ற வேண்டும். முழுதாக இறங்கும் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. நிறைந்த பெட்டரி எந்தக் குளிரையும் தாங்கும், வெறும் பெட்டரிதான் குளிரில் சாகும் என்று நீயே ஒருமுறை சொல்லியிருக்கிறாய்.

இன்னொன்று. சார்ஜ் ஏறும்போது பெட்டரியிலிருந்து எரியக்கூடிய வாயு வரும். அதனால் அடுப்புக்குப் பக்கத்திலோ விளக்குக்குப் பக்கத்திலோ வைக்கவே கூடாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைக்கலாம் என்று நானா சொன்னதும், சாமியறையில் வைக்கலாமே என்று அப்பா சொன்னார். குத்துவிளக்குக்குப் பக்கத்தில் பெட்டரி. அன்றைக்கு மட்டும் நான் பழைய டீச்சராக மாறிக் கொஞ்சம் சத்தம் போட்டேன். உன் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குள் போய்ச் சிரித்தாள்.

இப்போது வாரத்துக்கு ஒருமுறை உன் மனைவியின் தம்பி வந்து காரை ஹட்டன் வரைக்கும் ஓட்டிவிட்டு வருகிறான். வயரை மாட்டுவதும் கழற்றுவதும் நானும் உன் மனைவியும். அப்பா தொடுவதில்லை. நீ தொடாதே என்றாய், அவர் சரி என்றார், அந்தச் சொல்லை அவர் மீறவில்லை. ஆனால் பழைய கணக்கப்பிள்ளை மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மூன்றடி தள்ளி நின்று, "மைனஸ்... மைனஸ் மொதல்ல" என்று வேலை வாங்குவார். ஒருநாள், தொடாவிட்டாலும் இந்த அதிகாரம் எதற்கு என்று கேட்டேன். "தொடாதன்னுதான் சொன்னான், பாக்காதன்னு சொல்லல" என்றார். தறப்பாளைக் கட்டும்போது கயிறு தளர்ந்திருந்தால் அவர் கை தானாக முன்னால் வரும். வந்த கையைத் திரும்பப் பின்னால் எடுத்துக்கொள்வார். அதைப் பார்க்கும்போது எனக்கு மனது கஷ்டமாக இருக்கிறது, மகன். அதை வேறு எப்படியும் சுற்றி வளைத்துச் சொல்ல விரும்பவில்லை.

நீ அந்தக் கொட்டகையில் சேர்ந்த புதிதில் ஒருநாள் வீடியோவில் உள்ளே சுற்றிக் காட்டினாய். போர்வை போர்த்திய கார்கள் வரிசை வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சார்ஜர், ஒவ்வொரு சார்ஜரிலும் ஒரு சின்னப் பச்சை விளக்கு. வேலை முடிந்து போகும்போது ஒரு சுற்றுச் சுற்றி எல்லா விளக்கும் எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவேன், பார்க்காவிட்டால் மனது ஒரு மாதிரியாக இருக்கிறது என்றாய். ஒருநாள் ஒன்றைப் பார்க்க மறந்துவிட்ட சந்தேகத்தில் பஸ் தரிப்பிடம் வரைக்கும் போனவன் பனியில் திரும்பி நடந்து வந்ததாகவும் சொன்னாய். அது யாருடைய கார் என்றுகூட உனக்குத் தெரியாது. அப்பா அன்றைக்கு எனக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டார். அடுத்த நாள் டவுனுக்குப் போன இடத்திலெல்லாம், மகன் வெளக்கு எரியுதான்னு பாக்கப் பனியில திரும்பிப் போனானாம், என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தப் பழக்கம் உனக்கு எங்கேயிருந்து வந்தது என்று அவர் யோசிக்கவில்லை. நீயாவது யோசித்துப் பார்.

காரை விற்பதா வேண்டாமா என்பது உன் விருப்பம். அது உன் கார். பெட்டரி இன்று காலை அளந்தபோது நிறைவாக இருந்தது, வாங்குகிறவருக்கும் பொய் சொல்ல வேண்டியதில்லை. நான் கேட்பது வேறு ஒன்று. வருகிற ஞாயிறு நீ எடுக்கும்போது முதலில் பிள்ளையைக் கேட்காதே, அவள் எங்கேயும் போய்விட மாட்டாள். என் முழங்காலையும் கேட்காதே. அப்பாவைக் கூப்பிடு. விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம், அதைக் கேட்டால் அவருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியாது. "பெட்டரி எப்படிப்பா இருக்கு?" என்று மட்டும் கேள்.

அவர் பின்பக்கம் போவதற்குள் கேள்.

அம்மா